நாளமில்லாச் சுரப்பிகளும் குடும்ப நலமும்



தோணிரேவில் ஒரு நாள் சாயங்காலம். நாலைந்து பேர் மர நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். குடும்ப நலம் பற்றிப் பேசப் போயிருந்த நான், ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“அதெல்லாம் நமக்கு ஒத்து வராது சார். அதைப் பண்ணிக்கினா உடம்புல சத்து போயிடும். தோணி தள்ற பலம் இருக்காது. காயடிச்ச மாடு கணக்கா ஆயிடுவோம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம் மனைவிக்கு ரத்தசோகை என்றும், இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்றும் சற்று முன்புதான் அவரே சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை.

“அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாத பதில் மனதில் நிற்காது. சரியான பதில் நம் உடம்பிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகளில் இருக்கிறது. அதை முழுதாகத் தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

சுரப்பி என்றால் என்ன?

வெயிலில் துடுப்புப் போட்டால் வியர்க்கிறது. வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருகிறது. மீன் குழம்பு வாசனை பட்டதும் எச்சில் ஊறுகிறது. வியர்வை, கண்ணீர், எச்சில் இவற்றை உண்டாக்குபவை சுரப்பிகள். இந்தச் சுரப்பிகளுக்கெல்லாம் சிறு குழாய்கள் உண்டு. சுரந்த நீரை அந்தக் குழாய், சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

வேறு வகைச் சுரப்பிகளும் உண்டு. அவற்றுக்குக் குழாயே கிடையாது. ‘நாளம்’ என்றால் குழாய். அதனால்தான் நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர். குழாய் இல்லாவிட்டால் சுரந்தது எப்படி வெளியே போகும்? சுரப்பிக்குள் ஓடும் ரத்தத்திலேயே நேராகக் கலந்துவிடும். அப்படிக் கலக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஸ்டார்லிங் 1905இல் இந்தச் சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் ‘தூண்டிவிடுதல்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது இது.

நம் ஏரியையே பாருங்கள். முகத்துவாரம் திறந்தால் கடல் தண்ணீர் உள்ளே வந்து எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஆனால் உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் உயிர்களே அதில் செழிக்கும். ஹார்மோனும் அப்படித்தான். ரத்தத்தோடு உச்சி முதல் பாதம் வரை சுற்றி வரும். அதை அடையாளம் கண்டுகொள்ளும் உறுப்பு மட்டும் அது சொன்னபடி வேலை செய்யும். மற்ற உறுப்புகள் சும்மா இருக்கும்.

ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனின் அளவு மிக மிகக் குறைவு. அந்த அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். எந்தெந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று தலையிலிருந்து ஆரம்பித்துப் பார்ப்போம்.

1. பிட்யூட்டரி சுரப்பி

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிறது. எடை ஏறக்குறைய அரை கிராம்தான். ஆனால் தைராய்டு, அட்ரீனல், பெண்ணின் சூலகம், ஆணின் விரை ஆகியவற்றுக்கு வேலை சொல்வது இதுதான். தோணியில் சுக்கான் பிடிப்பவரைப் போல. இதற்கும் மேலே இருந்து உத்தரவு கொடுப்பது மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ்.

இதன் சக்தியை மீன் தொழில் செய்பவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். குளத்தில் வளரும் கெண்டை இன மீன்கள் பல அங்கே தாமாக முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒரிசாவிலுள்ள அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் கெண்டை மீன்களுக்கு ஊசி மூலம் செலுத்தி முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், நாம் ஏரியில் பிடிக்கும் கொடுவா மீனை ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, 1997இல் வெற்றி கண்டார்கள். ஊசி போட்டது உடம்பில் ஓரிடத்தில். வேலை நடந்ததோ முட்டைப்பையில். நடுவே செய்தியைக் கொண்டுபோனது ரத்தம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பால் சுரக்க வைப்பதும், சுரந்த பாலை வெளியே வர வைப்பதும் பிட்யூட்டரியிலிருந்து வரும் ஹார்மோன்களே. குழந்தை மார்பைச் சப்பினால்தான் அந்தச் சுரப்பிக்குச் செய்தி போகும். “பால் வரல, சர்க்கரைத் தண்ணி கொடுத்திருக்கேன்” என்று சில பாட்டிமார்கள் சொல்வார்கள். பால் வந்த பிறகு சப்ப வைப்பது என்பது தலைகீழ்க் கணக்கு. சப்பச் சப்பத்தான் பால் வரும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அதே ஹார்மோன் கருப்பையையும் சுருங்க வைத்து, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைக் குறைக்கிறது. பிள்ளைக்கும் நல்லது, பெற்றவளுக்கும் நல்லது.

2. தைராய்டு சுரப்பி

முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது இதன் ஹார்மோன். அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீ குறைந்தால் அசதி, உடம்பு கனத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு, கரு தரிப்பதில் தாமதம் இவையெல்லாம் வரும். தீ கூடினால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைத்தல் வரும். “மருமக எந்நேரமும் படுத்தே கிடக்கிறா, சரியான சோம்பேறி” என்று ஒரு வீட்டில் மாமியார் குறைப்பட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு குறைவு. திட்டினால் தீராது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகும்.

இந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் என்ற சத்து தேவை. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை உண்டாகும். கர்ப்பத்தில் கிடைக்காவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பைக் கொடுத்த பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே பிள்ளைகளின் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

“அது மலை நாடு சார். நாங்க கடலோரத்துல மீனும் உப்பும் சாப்பிடறவங்க. எங்களுக்கு எதுக்கு?” என்று இங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் விளையும் சாதாரண உப்பில் அயோடின் அநேகமாக இல்லை. மீனில் உண்டு. ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். மீன் கிடைக்காத நாளும் உண்டு. உப்பு ஒன்றுதான் நாள் தவறாமல் சோற்றுப் பானைக்கு வருவது. நாட்டில் உப்பு விளையும் முக்கிய மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. அப்படியிருந்தும் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களிலேயே நாம்தான் கடைசி.

ஆகவே கருவாட்டுக்குப் போடும் உப்பு வேறு, குழம்புக்குப் போடும் உப்பு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள். ஈரம் படாமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் உப்பைப் போடுவது நல்லது. அயோடின் உப்பு என்பதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும்.

தைராய்டின் பின்புறத்தில் அரிசி மணி போல நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சரியான அளவில் வைப்பது அவற்றின் வேலை.

3. அட்ரீனல் சுரப்பிகள்

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருப்பவை. முகத்துவாரத்தில் திடீரென்று பெரிய அலை எழும்பினால் என்ன ஆகிறது? நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வேகமாகிறது, கைக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடுகிறது. அது அட்ரீனலின் என்ற ஹார்மோனின் வேலை. உடம்பின் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் சமன்செய்யும் ஹார்மோன்களும் இங்கேதான் சுரக்கின்றன.

மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். பிறகு மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்கவும் வேண்டாம், ஆரம்பித்ததைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

4. கணையம்

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. இதற்கு இரண்டு வேலை, இரண்டு வழி. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இன்சுலின் என்ற ஹார்மோனைக் குழாய் இல்லாமல் ரத்தத்தில் கலக்கிறது. ஒரே உறுப்பில் குழாய் வழியும் ரத்த வழியும் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

ரத்தத்திலுள்ள சர்க்கரை உடம்புக்குள் போய்ச் சேர இன்சுலின் வேண்டும். இன்சுலின் குறைந்தாலோ அது சரியாக வேலை செய்யாவிட்டாலோ வருவது நீரிழிவு. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியும் ஒரு தற்காலிகச் சுரப்பியாகிறது. அதன் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கும். அதனால் சில தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை ஏறும். இதைப் பற்றி நாட்டுக்கே வழிகாட்டியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007இல் தமிழக அரசு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். “இனிப்புத் தண்ணி குமட்டுது” என்று பாதியில் எழுந்து போய்விடாதீர்கள் அம்மா.

5. சூலகமும் விரையும்

பெண்ணின் சூலகங்கள் இரண்டு. ஆணின் விரைகள் இரண்டு. இவையும் கணையம் மாதிரிதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை, இரண்டு வழி.

சூலகத்திலிருந்து மாதம் ஒரு முட்டை குழாய் வழியாகக் கருப்பைக்குப் போகிறது. பெண்மைக்குரிய ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் ரத்த வழியாகப் போகின்றன.

விரையிலிருந்து விந்தணுக்கள் குழாய் வழியாகப் போகின்றன. மீசை, குரல், தசைப் பலம், ஆசை இவற்றைத் தரும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ரத்த வழியாகப் போகிறது.

இப்போது மர நிழலுக்குத் திரும்புவோம். நண்பர் சொன்ன காயடித்த மாட்டுக்கு என்ன நடக்கிறது? அதன் விரையையே நசுக்கிவிடுகிறார்கள். சுரப்பியே போய்விடுகிறது. ஹார்மோன் இல்லை. அதனால் காளையின் முரட்டுத்தனம் போய்விடுகிறது. அவர் கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் ஆண் கருத்தடை சிகிச்சையில் விரையைத் தொடுவதே இல்லை. விந்தணு போகும் மெல்லிய குழாயை மட்டும் அடைக்கிறார்கள். ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லையே! அது நாளமில்லா வழி. ரத்த வழி. அதை யாரும் அடைக்கவில்லை.

இதற்குச் சாட்சி ஒரு சேவல். 1849இல் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் சேவல் குஞ்சுகளின் விரைகளை நீக்கிப் பார்த்தார். விரை இழந்த சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, சண்டைக்கும் போகவில்லை. வேறு சிலவற்றுக்கு விரையைப் பழைய இடத்திலிருந்து பிரித்து, வயிற்றுக்குள் குடல் பக்கத்தில் வைத்தார். பழைய குழாய்த் தொடர்பு கிடையாது. அந்தச் சேவல்கள் கொண்டை சிவக்க வளர்ந்தன, கூவின, சண்டை போட்டன, கோழியைத் துரத்தின. அறுத்துப் பார்த்தபோது புது இடத்தில் ரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. சேவலைச் சேவலாக வைத்தது ரத்தத்தில் கலந்த பொருளே.

இதைச் சொன்னதும் மர நிழலில் கேள்விகள் கிளம்பின. அவற்றில் சில:

கேள்வி: அப்போ விந்து வராதா?
பதில்: வரும். விந்து நீரில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. விந்தணு மட்டும்தான் இருக்காது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: வெளியே போகாத விந்தணு உள்ளேயே தங்கிக் கெடுதல் பண்ணாதா?
பதில்: இல்லை. உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: எத்தனை நாளைக்குத் தொழிலுக்குப் போகக் கூடாது?
பதில்: தழும்பில்லா முறையில், மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடிப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் வரை வலை இழுப்பது, தோணி தள்ளுவது, சைக்கிள் மிதிப்பது வேண்டாம்.

கேள்வி: உடனே பலன் உண்டா?
பதில்: இல்லை. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு தீர 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை அவசியம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பால்வினை நோயை இந்தச் சிகிச்சை தடுக்காது.

கேள்வி: பொம்பளைங்க ஆபரேஷன்ல தீட்டு நின்னு போயிடுமா?
பதில்: நிற்காது. அங்கேயும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சூலகம் அப்படியே இருக்கும். ஹார்மோன் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: முன்னே கட்டாயப்படுத்திப் பண்ணாங்களாமே?
பதில்: 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில், முக்கியமாக வட மாநிலங்களில், அப்படி நடந்தது உண்மை. அது தவறு. இன்று உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் யாரும் தொட முடியாது. இது நிரந்தர முறை என்பதால் ஆற அமர யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தற்காலிக முறைகளும் இருக்கின்றன.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சின்னச் சிகிச்சை. இருந்தும் பாரம் முழுவதும் பெண் தலையிலேயே விழுகிறது. ரத்தசோகையோடு மூன்று பெற்றவளையே மறுபடியும் மேசையில் படுக்க வைக்கிறோம். இதற்கு ஒரு காரணம், குழாய் வழியையும் ரத்த வழியையும் ஒன்றென்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது.

நினைவில் வையுங்கள்:

1. ஹார்மோன் ரத்த வழியாகப் போகும். குழாயை அடைத்தால் ஹார்மோன் நிற்காது.
2. சமையலுக்கு அயோடின் உப்பு. கடலோரம் என்பதால் விலக்கு இல்லை.
3. கர்ப்பிணிகள் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். தைராய்டையும் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.
4. தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பத்தில்.
5. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்.

அன்று இருட்டும் நேரம் நான் கிளம்பினேன். அந்த நண்பர் படகுத்துறை வரை கூடவே வந்தார். “அப்போ மாடு வேற, மனுஷன் வேற இல்ல சார். அந்த ஆபரேஷன் வேற, இந்த ஆபரேஷன் வேற. அப்படித்தானே?” என்றார். “அதேதான் தம்பி” என்றேன். “வீட்ல பேசிட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு அவரும் அவர் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டியது. எந்த முடிவானாலும் சரி, அது பயத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது. தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கேளுங்கள். படித்து முடித்ததும் இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.